உயிருள்ள திசுவைப் படம் எடுக்கத் தெரியும். அதை வைத்துக் கம்பெனி தொடங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு கல்வி நிறுவனத்தில் பேராசிரியையாக இருக்கிறேன். வயது 46. மயக்கத்தில் இருக்கும் சுண்டெலியின் உடம்புக்குள், உயிரோடு இருக்கும் புற்றுக்கட்டியை டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பில் (லேசரை வைத்துத் திசுவுக்குள் பார்க்கும் கருவி) மணிக்கணக்காகப் படம் எடுப்பது என் துறை. மூளை, நிணநீர் முடிச்சு, கல்லீரல் எல்லாவற்றிலும் எடுத்துத் தர முடியும். சமீபத்தில் ஹைதராபாத் மருந்து கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர்கள் என் கருத்தரங்க உரையைக் கேட்டுவிட்டு, “எங்கள் மாலிக்யூல் கட்டிக்குள் எங்கே போகிறது என்று காட்ட முடியுமா?” என்றார்கள். அன்றிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. முனைவர் பட்டம் முடிக்கப்போகும் என் மாணவர் ஒருவர், கம்பெனி தொடங்கினால் கூட வரத் தயார் என்கிறார். மைக்ரோஸ்கோப் வாங்க மடிப்பாக்கம் வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா? வேலையை விட வேண்டுமா? ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று முதலிலேயே வேண்டுமா? விலை எப்படிச் சொல்வது? மாணவருக்கு என்ன பங்கு தருவது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில்:

வணக்கம் மேடம்.

ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்துக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஹைதராபாத்காரர்களிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் மாலிக்யூல் எவ்வளவு பெரியது?

கடிதத்தில் அது இல்லை. அது ஆன்டிபாடி (இலக்கைத் தேடி ஒட்டிக்கொள்ளும் பெரிய புரதம்) என்றால் எடை சுமார் 1,50,000 டால்டன் (மாலிக்யூல் எடையின் அலகு). ஆயிரம் டால்டன் அளவில் இருக்கும் ஒளிரும் சாயம் இரண்டு மூன்றை அதன்மேல் ஒட்டினாலும் பெரும்பாலும் அதன் போக்கு மாறாது. மாறவில்லை என்பதை, இலக்கில் முன்போலவே ஒட்டுகிறதா என்று பார்க்கும் பிணைப்புச் சோதனை ஒன்றில் உறுதிசெய்துகொண்டு படம் எடுக்கலாம். மாத்திரையாக விழுங்கும் வகைச் சிறு மாலிக்யூல் என்றால் கதை வேறு. அதன் எடையே 400, 500 டால்டன்தான். சாயமும் ஏறக்குறைய அதே எடை, சில சமயம் அதைவிட அதிகம். ஒட்டி அனுப்பினால் கட்டிக்குள் நுழைவது அவர்களுடைய மருந்து இல்லை, வேறொரு பொருள். அந்த வேறொரு பொருள் எங்கே போனது என்று நீங்கள் அழகாகப் படம் எடுத்துக் கொடுப்பீர்கள். அவர்கள் அதை நம்பி டோஸை முடிவு செய்வார்கள். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் போலத் தானாகவே ஒளிரும் மருந்துகள் சில உண்டு. சுண்டெலிக் கட்டிகளில், ரத்தக்குழாயிலிருந்து 40, 50 மைக்ரான் தள்ளிப் போவதற்குள் டாக்சோரூபிசினின் அளவு பாதியாகிவிடுகிறது என்று 2005-இல் அளந்து காட்ட முடிந்தது அந்த இயல்பான ஒளிர்வால்தான். எல்லா மருந்துக்கும் அந்த வசதி கிடையாது.

ஆகவே சிறு மாலிக்யூல் என்று பதில் வந்தால், மருந்தை நேரடியாகக் காட்ட முடியாது, அது செய்கிற வேலையைக் காட்ட முடியும் என்று எழுதுங்கள். ரத்தக்குழாய்க் கசிவு குறைகிறதா, டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) கட்டியின் ஓரத்தில் நின்றுவிடாமல் உள்ளே போகின்றனவா, புற்றுசெல்கள் எத்தனை மணி நேரத்தில் சாகத் தொடங்குகின்றன என்பதெல்லாம் உங்களால் காட்டக்கூடியவை. மருந்து இருக்கும் இடம்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், சாயம் ஒட்டாமல், எடையை வைத்தே மருந்தைத் திசுவில் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இமேஜிங் செய்யும் இடத்தைக் காட்டிவிடுங்கள். காசநோய் பாதித்த நுரையீரலில், செத்துப்போன திசுவின் நடுப்பகுதிக்குள் ரிஃபாம்பிசின் போய்ச் சேர்கிறது, மாக்ஸிஃப்ளாக்சசின் சரியாகப் போவதில்லை என்பதெல்லாம் அந்த வழியில்தான் தெரியவந்தது. முதல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது வயிற்றைக் கலக்கும் காரியம்தான். ஆனால் மருந்து கம்பெனிகளில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னவரை அடுத்த கம்பெனிக்குப் போனபிறகும் தேடிக் கூப்பிடுவார்கள்.

நான் பல வருடம் மருந்து கம்பெனியில், வெளியாட்களிடம் ஆய்வு கொடுத்து வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். அங்கிருப்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை நீங்கள் மனதில் ஏற்றிக்கொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். அவர் முன்னால் ஒரு முடிவு காத்திருக்கிறது. இந்த மாலிக்யூலுக்கு அடுத்த கட்டப் பணத்தைச் செலவழிப்பதா, இங்கேயே நிறுத்திவிடுவதா? மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது தோற்கின்றன. அதில் பெரும்பங்கு, பாதுகாப்பாக இருந்தும் பலன் போதாமல் தோற்பவை. ஆய்வகத்தில் நன்றாகத் தெரிந்தது ஏன் பிறகு காணாமல்போனது என்ற கேள்வி அந்த மேஜையில் எப்போதும் கிடக்கும். 2011-இல் பேயர் கம்பெனி விஞ்ஞானிகள், வெளியான ஆய்வுகளைத் தங்கள் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தபோது கால்வாசி அளவுக்குத்தான் முழுசாகப் பொருந்தியது என்று எழுதினார்கள். அடுத்த வருடம் ஆம்ஜென் என்ற மருந்து கம்பெனியிலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. புற்றுநோய்த் துறையில் முக்கியமானவை என்று பேசப்பட்ட 53 ஆய்வுகளில் 6-ஐ மட்டுமே உறுதிப்படுத்த முடிந்தது. அந்தக் கணக்குகளைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்று உங்கள் எதிரில் உட்காருகிறார்கள். அவர்கள் உங்கள் வீடியோவைப் பார்த்து வாய் பிளப்பார்கள். வெளியே போனதும், “எத்தனை எலியில் எடுத்து இந்த ஒன்றைக் காட்டினார்கள்?” என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

உங்கள் தொழில்நுட்பத்தின் மதிப்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கட்டியை வெட்டியெடுத்து மெழுகில் பதித்துச் சீவிப் பார்ப்பது, காலை பத்து மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குள் நுழைவது மாதிரி. சரக்கு இருக்கும், எந்த லாரி எந்த வாசலில் எத்தனை மணி நேரம் மாட்டிக்கொண்டது என்பது தெரியாது. டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் 1990-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பைச் செய்து காட்டியதிலிருந்து, உயிருள்ள திசுவுக்குள் அந்த நடமாட்டத்தை நேரிலேயே பார்க்க வழி திறந்தது. இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் உள்வாங்குவது சாத்தியம் என்று இயற்பியலாளர் மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-இலேயே கணக்குப்போட்டுச் சொல்லியிருந்தார். அதைத் திசுவுக்குள் கொண்டுபோக அறுபது வருடம் ஆனது. இவ்வளவு தூரம் வந்த கருவியை வைத்துக்கொண்டு நாம் தரும் எண் தள்ளாடக்கூடாது என்பதே என் கவலை.

எண் எங்கெல்லாம் தள்ளாடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டுரைக்குப் போதுமானது கம்பெனிக்குப் போதாத இடங்களை மட்டும் சொல்கிறேன். ஐந்து எலிகளில் 2,000 டி செல்களின் வேகத்தை அளந்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 2,000 என்று போடாதீர்கள். அது 5. இந்த ஒரு விஷயத்தில் அசந்தால், புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் எதிரில் இருந்தாலே பேச்சு முடிந்துவிடும். ஐசோஃப்ளுரேன் மயக்கமருந்து ரத்தக்குழாயை விரிக்கும். அப்படியென்றால் ரத்த ஓட்டத்தையோ கசிவையோ அளக்கும் ஆய்வில் மயக்கத்தின் ஆழம், எலியின் உடல் வெப்பம், எந்த நேரத்தில் எடுத்தது எல்லாம் ஒவ்வொரு எலிக்கும் பதிவாகியிருக்க வேண்டும். லேசரின் திறனைத் திரையில் தெரியும் சதவீதத்தில் எழுதாதீர்கள். தினமும் காலையில் லென்ஸின் அடியில் பவர் மீட்டர் வைத்து மில்லிவாட்டில் எழுதுங்கள். எந்தப் பகுதியைப் படம் எடுப்பது என்ற விதி, எலியை மேஜையில் வைப்பதற்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். ‘நன்றாகத் தெரிந்த இடத்தை எடுத்தோம்’ என்பது எங்கள் பக்கத்தில் செல்லாது. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் கரைசல் என்பது படம் எடுப்பவருக்கும் எண்ணுபவருக்கும் தெரியக்கூடாது.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது உங்கள் மாணவர் தனியாக அறுவை செய்து, உள்ளே பார்ப்பதற்காக எலியின் உடம்பில் கண்ணாடிச் சன்னல் பொருத்தி, படம் எடுத்து, எண்ணிக் கொடுக்கட்டும். வேறு எலிகளில் நீங்களும் செய்யுங்கள். ஏற்கெனவே பலன் தெரிந்த மருந்து ஒன்றை இருவரும் யாருக்கு எது என்று தெரியாமல் சோதித்து, இருவர் எண்ணும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறதா பாருங்கள். வந்தால் உங்களிடம் விற்கக்கூடிய சேவை இருக்கிறது. வராவிட்டால் இருப்பது உங்கள் கைத்திறமை மட்டும். அது பெரிய விஷயம்தான், ஆனால் அதற்குக் கம்பெனி தேவையில்லை, ஆலோசகராக இருந்தாலே போதும். அந்த ஒப்பீட்டின் அறிக்கையை இரண்டு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் போங்கள். வீடியோவை அப்புறம் காட்டலாம்.

என்ன விற்பது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் மூளை, கட்டி, நிணநீர் முடிச்சு, கல்லீரல் எல்லாவற்றையும் தர முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் மேடம். முதல் இரண்டு வருடத்துக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு, ஆன்டிபாடி வகை மருந்துகள் கட்டிக்குள் எவ்வளவு தூரம் ஊடுருவுகின்றன என்பது. இலக்கை இறுகப் பிடிக்கும் ஆன்டிபாடி, ரத்தக்குழாயை விட்டு வந்ததும் முதலில் பார்க்கும் செல்களிலேயே ஒட்டிக்கொண்டு மேலே நகராமல் நிற்பது இந்தத் துறையில் பழைய தலைவலி. ஆன்டிபாடியோடு நஞ்சைக் கட்டி அனுப்பும் மருந்துகளைப் பல கம்பெனிகள் உருவாக்கிவரும் இந்த நேரத்தில் அந்தத் தலைவலிக்கு விலை உண்டு. சாயம் ஒட்டுவதிலும் சிக்கல் குறைவு. உங்கள் பலமும் கட்டிதான்.

இரண்டாவதாக ஒன்று சேர்க்கவேண்டும் என்றால் கொலாஜன், அதாவது திசுவைத் தாங்கிப் பிடிக்கும் நார்ப்புரதம். சாயமே இல்லாமல், 900 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசரை அனுப்பினால் 450 நானோமீட்டர் ஒளியாகத் தானாகப் பதில் தரும் பொருள் அது. நுரையீரல், கல்லீரல் தழும்பேறும் நோய்களுக்கான மருந்துகளில் இந்த அளவீட்டுக்குத் தேவை இருக்கிறது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் சொன்னவர்கள், நம் ஊர்க் கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த தசைநார் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த முறுக்கின் ஒழுங்குதான் இன்று உங்கள் திரையில் ஒளியாகத் தெரிகிறது. வியாபாரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டித் திசுவில் சில நூறு மைக்ரான் ஆழம்தான் நீங்கள் பார்ப்பது, கட்டியின் அடிப்பகுதியில் நடப்பது வேறாக இருக்கலாம் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். படம் எடுத்து முடித்ததும் அதே கட்டியை வெட்டிச் சீவி, ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதையும் இணைத்துக் கொடுங்கள். பழைய முறையும் புதிய முறையும் ஒரே எலியில் ஒத்துப்போகிறது என்று காட்டுவதைப்போல நம்பிக்கை தருவது வேறில்லை.

இனி நீங்கள் கேட்டவை.

வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். டூ-ஃபோட்டான் கருவி சில கோடி ரூபாய் விழுங்கும், அதோடு ஒவ்வொரு வருடமும் லேசர் பராமரிப்புக் கட்டணம் தனி. முதல் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும்முன் அந்தப் பணத்தை இறக்கினால், வட்டி கட்டுவதற்காகவே செய்யக்கூடாத வேலையையும் ஒப்புக்கொள்ள வேண்டி வரும். மேலே சொன்ன ‘முடியாது’ என்ற சொல் அப்போது வாயில் வராது. முதல் ஆண்டு உங்கள் நிறுவனத்தின் தொழில்துறை ஆலோசனைப் பிரிவு வழியாகவே வேலையை எடுங்கள். பணம் நிறுவனத்துக்கு வரட்டும், உங்கள் பங்கு விதிப்படி உங்களுக்கு வரட்டும். அரசு மானியத்தில் வாங்கிய கருவியை வெளி வேலைக்குப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இயக்குநர் வாயால் சொன்னது அடுத்த இயக்குநர் வந்ததும் போய்விடும். அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளை ஸ்டார்ட்அப்களும் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவதற்கு ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம் 2020-இலிருந்து இருக்கிறது. உங்கள் லேசர் படுத்துக்கொண்டால் மாற்றுக் கருவி எங்கே என்பதை முன்கூட்டியே அதில் தேடி வையுங்கள்.

நிதிக்கு, உயிரித்தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் (BIRAC) பிக் (BIG) மானியம் இருக்கிறது. 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை தருவார்கள், கம்பெனியில் பங்கு கேட்க மாட்டார்கள். ‘படம் எடுத்துத் தரும் சேவை’ என்று விண்ணப்பித்தால் எடுபடாது என்பது என் கணிப்பு. நீங்களே வடிவமைத்த கண்ணாடிச் சன்னலையோ ஊடுருவலை அளக்கும் மென்பொருளையோ மையமாக வைத்து எழுதுங்கள்.

கம்பெனிக்குத் தனி இடம் பார்க்கும் நாள் வரும்போது தரமணியில் டைசல் பயோ பார்க், ஐஐடி ரிசர்ச் பார்க் இரண்டையும் பாருங்கள். வாடகையைக் கேட்பதற்கு முன் அதிர்வைக் கேளுங்கள். ஓ.எம்.ஆர். முழுக்க மெட்ரோ வேலை நடந்த காலத்தில் அந்தச் சாலையோரக் கட்டடத்தில் ஒரு மைக்ரான் துல்லியத்தில் படம் எடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அறையை முடிவு செய்யும்முன் ஒரு வாரம் அதிர்வுமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். தரைத்தளம் அதிர்வுக்கு நல்லது, வெள்ளத்துக்கு ஆகாது. 2015-ஐயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் எலிக்கூடத்தைத் தரைத்தளத்தில் வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. இரவில் ஏ.சி.யை நிறுத்தும் வழக்கமுள்ள கட்டடம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

வேலையை இப்போது விடவேண்டிய தேவை இல்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் ஸ்டார்ட்அப் தொடங்குவதற்கான தேசியக் கொள்கையை 2019-இல் மத்தியக் கல்வித்துறை கொண்டுவந்தது. பணியில் இருந்தபடியே பங்கு வைத்துக்கொள்ளவும், விடுப்பில் போய்த் திரும்பி வரவும் அதில் இடம் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதை எந்த அளவுக்கு ஏற்று விதி எழுதியிருக்கிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் ஒரு கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் கீழ் வரும் வேலையை எந்த ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டிலும் சேர்க்காதீர்கள். கம்பெனி ஒரு நாள் ‘வெளியிடாதே’ என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் பட்டம் நின்றுவிடும். கம்பெனி வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஆள் தனியாக இருக்கட்டும்.

ஜி.எல்.பி. சான்று இப்போது வேண்டாம். மருந்து பாதுகாப்பானதா என்று ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் காட்டும் நச்சியல் ஆய்வுகளுக்குத்தான் அது கட்டாயம். மருந்து எப்படி வேலை செய்கிறது, பலன் தருகிறதா என்ற உங்கள் வகை ஆய்வுகள் பொதுவாக அந்தச் சான்று இல்லாமலே நடக்கின்றன, விண்ணப்பத்திலும் சேர்கின்றன. நச்சியலில் இறங்கினால் ஹைதராபாத், பெங்களூரின் பெரிய நிறுவனங்களோடும், நம் பக்கத்திலேயே படப்பையில் இருக்கும் நச்சியல் ஆய்வு நிறுவனமான ஐபேட் (IIBAT) போன்ற பழம் தின்று கொட்டை போட்ட இடங்களோடும் மோத வேண்டியிருக்கும். அது உங்கள் களம் இல்லை. சான்று வேண்டாம் என்றேனே தவிர, ஒழுக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு செயல்முறைக்கும் கையெழுத்திட்ட எஸ்.ஓ.பி. (படிப்படியான செய்முறைத் தாள்), தேதியோடு பேனாவில் எழுதிய பதிவேடு, மூலப் படக் கோப்பை யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாத சேமிப்பு, திருத்தினால் யார், எப்போது, ஏன் என்று தெரியும் தடம் இவையெல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். வாடிக்கையாளர் சோதித்துப் பார்க்க வந்தால் மைக்ரோஸ்கோப் அறைக்கு முன் பதிவேட்டு அலமாரிக்குத்தான் போவார்.

நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் கம்பெனியையே நிறுத்திவிடக்கூடிய விஷயம் விலங்கு அனுமதி. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.-வில் உங்கள் கல்வி நிறுவனத்துக்கு இருக்கும் பதிவு உங்கள் கம்பெனிக்குத் தானாக வந்துவிடாது. கல்விக்கான ஆராய்ச்சி, வணிகத்துக்கான ஆராய்ச்சி, இனப்பெருக்கம் என்று அந்தப் பதிவிலேயே நோக்கங்கள் தனித்தனி. வணிக நோக்கம் அதில் இல்லை என்றால், ஆலோசனைப் பிரிவு வழியாகச் செய்யும் முதல் வேலைக்கே சிக்கல் வரும். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் வாடிக்கையாளரின் ஆய்வு என்பதை மறைக்காமல் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். இதையெல்லாம் வெறும் தாள் வேலை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு வேராக இருக்கும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதால் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது. அந்த ஊரில் இந்த வேலையைச் செய்கிறோம்.

உங்கள் முறைக்கு இதில் ஒரு நியாயமான வலு இருக்கிறது, அதைப் பேசத் தயங்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகுதி எலிகளைக் கொன்று பார்ப்பதற்குப் பதிலாக, ஒரே எலியைப் பல நாள் பார்க்கிறீர்கள். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன ‘எண்ணிக்கையைக் குறை’ என்ற கோட்பாடு அதுதான். ஆனால் அதே எலியைத் திரும்பத் திரும்ப மயக்குவதும், உடம்பில் சன்னலோடு வாழவிடுவதும் அதற்கு வேதனை. முழுநேர கால்நடை மருத்துவர் ஒருவரை முதல் மூன்று ஊழியர்களுக்குள் சேருங்கள். வேப்பேரியில் 1903-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் ஆள் கிடைக்காமல் போகாது.

விலங்கு இல்லாத முறைகள் வருகின்றன என்பதையும் கண்ணில் வையுங்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில், மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையைச் சட்டம் தளர்த்தியது. நம் நாட்டில் 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, ஆர்கனாய்டு (செல்களிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்பு), சிப்பில் உறுப்பு (சிப்புக்குள் செல்களை வளர்த்து உறுப்பைப் போல இயங்கவைப்பது) போன்றவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில், மோனோகுளோனல் ஆன்டிபாடிகளிலிருந்து (ஒரே இலக்கைக் குறிவைத்துத் தயாரிக்கும் ஆன்டிபாடி மருந்துகள்) தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. நான் உங்களுக்குப் பரிந்துரைத்த களமே ஆன்டிபாடிதான் என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை. அந்த அறிவிப்பின் அழுத்தம் நச்சியல் பக்கம் அதிகம், உங்கள் பக்கம் குறைவு. இருந்தாலும் உங்கள் அளவீட்டு முறையை எலிக்குள் மட்டும் வேலை செய்வதாக எழுதாதீர்கள். நோயாளி ஒப்புதலோடு அறுவையில் எடுத்த கட்டியின் துண்டை ஆய்வகத்தில் உயிரோடு வைத்துப் படம் எடுத்தாலும் அதே மென்பொருள், அதே எண் வர வேண்டும். 1954-இலிருந்து புற்றுநோய் மருத்துவமனை இயங்கும் அடையாறு உங்கள் ஆய்வகத்துக்குத் தொலைவில் இல்லை. ஒரு அறுவை மருத்துவரோடும் நோயியல் நிபுணரோடும் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகும்.

விலைக்கு வருகிறேன். மணிக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கருவியை வாடகைக்கு விடுபவராகத்தான் பார்ப்பார்கள். ஒரு கேள்வி, இத்தனை குழு, குழுவுக்கு இத்தனை எலி, இந்த அறிக்கை, மொத்தம் இவ்வளவு என்று ஆய்வுக்கு விலை சொல்லுங்கள். கணக்குப் போடும்போது உங்கள் சம்பளத்தையும் சந்தை மதிப்பில் சேருங்கள், நீங்கள் வாங்காமல் விட்டாலும் சரி. பேராசிரியர்கள் சொல்லும் விலையில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது. படம் சரியாக வராமல் விலக்கவேண்டிய எலிகளுக்கும் இடம் விடுங்கள். முன்பணமாக ஒரு பகுதி, படம் எடுத்து முடித்ததும் ஒரு பகுதி, அறிக்கை கொடுத்ததும் மீதி. மருந்து பலன் தரவில்லை என்று முடிவு வந்தாலும் முழுப் பணம் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியமாகவே எழுதுங்கள். கெட்ட செய்தி சொன்னதற்குப் பணம் குறையும் என்ற பயம் அறிக்கை எழுதும் கைக்குள் போய்விடக்கூடாது. மாலிக்யூலைப் பற்றிய முடிவுகள் அவர்களுடையவை, படம் எடுக்கும் முறையும் மென்பொருளும் உங்களுடையவை என்பதும் அதே தாளில் இருக்கட்டும். உள்நாட்டு வாடிக்கையாளருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக விலங்கு மாதிரிகளில் மருந்தின் பலனை மதிப்பிடுவது போன்ற சேவைகளை ஏற்றுமதியாகக் கருத வழி செய்யும் அறிவிப்பு 2019-இல் வந்திருக்கிறது. அதன் நிபந்தனைகளை ஆடிட்டரோடு உட்கார்ந்து படியுங்கள்.

கடைசியாக உங்கள் மாணவர். கண்டுபிடிப்பின் காப்புரிமை பெரும்பாலும் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும். அதை உரிமம் பெற்றுத்தான் இருவரும் கம்பெனிக்குக் கொண்டுவர முடியும். உரிமப் பேச்சைக் கம்பெனி பதிவுக்கு முன்பே தொடங்குங்கள். பங்கு விஷயத்தில், ‘நம்ம பையன், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் பாதுகாப்பான வேலையில் இருந்தபடி வருகிறீர்கள்; அவர் வெளிநாட்டு ஆராய்ச்சி வாய்ப்பையோ கம்பெனி வேலையையோ விட்டுவிட்டு முழுநேரமாக வருகிறார். அன்றாடம் எலியோடும் லேசரோடும் இருக்கப்போவது அவர். அவருடைய பங்கு உங்களுடையதைவிட மிகவும் சின்னதாக இருந்தால் அது நியாயமாக எனக்குப் படவில்லை. நான்கு வருடத்தில் படிப்படியாக உரிமையாகும்படி, முதல் வருடம் முடியும்முன் விலகினால் எதுவும் இல்லை என்ற நிபந்தனையோடு, இருவருக்கும் ஒரே விதியாக எழுதுங்கள். முதலீடு வரும்வரை அவருக்கு மாதாமாதம் என்ன சம்பளம், அது எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். அவர் உங்கள் மாணவராக இருக்கும்வரை உங்களிடம் ‘இது போதாது’ என்று சொல்ல மாட்டார். அதனால் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வந்தபிறகு, அவர் தரப்பில் வக்கீல் ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.